கந்தளாயும் டொக்காயும்

திருகோணமலையிலிருந்து கண்டி வீதி வழியே தென்மேற்காகச் சுமார் 40 கிலோமீற்றர் சென்றால் கந்தளாய் வரும். கந்தளாய் என்றதும் நம் நெஞ்சில் முதலில் எழுவது அதன் குளம். கோணேசர் கோயிலுக்குத் திருப்பணி செய்த குளக்கோட்டு மன்னன் கட்டுவித்த குளம் என்று தமிழ் மரபு கூறும். ஏழாம் நூற்றாண்டில் அநுராதபுரத்து அரசன் இரண்டாம் அக்கபோதி கட்டுவித்த குளம் என்று வரலாற்று நூல்கள் கூறும். எவர் கட்டியதாயினும், அக்குளத்து நீரை நம்பி ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வாழ்ந்து வருகின்றன என்பது யாவரும் அறிந்ததே.

குளத்துக்கு அடுத்தபடியாகக் கந்தளாயின் பெயரை நாடறியச் செய்தது சீனி. அந்நாளைய செக்கோசிலோவாக்கியாவின் உதவியுடன் இங்கே அமைந்த சீனித் தொழிற்சாலை 1960 ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிற்று. குளத்து நீரைக் குடித்து வளர்ந்த கரும்பு, ஆலையிலே நசுங்கிச் சாறாகி, பாகாகி, வெண்ணிறச் சீனியாகி வெளிவந்தது. இறக்குமதிச் சீனியையே நம்பியிருந்த ஒரு நாட்டுக்கு அது பெருமை தரும் காட்சியாக இருந்தது.

பெயரில்லாத மதுசாரம்

சீனி பிரிந்த பின்னரும் ஆலையில் ஒரு பொருள் எஞ்சும். கன்னங்கரேலென்று பிசுபிசுக்கும் அந்தக் கழிவுப்பாகை ஆலைக்காரர் ‘மொலாசஸ்’ என்பர். ஒரு தொன் கரும்பை அரைத்தால் ஏறக்குறைய 30 முதல் 50 கிலோகிராம் வரை இப்பாகு மிஞ்சும். அதிலும் இனிப்பு உண்டு. எனினும் அதைச் சீனியாகத் திரட்டுவது கட்டுப்படியாகாது. ஆதலால் உலகின் பல நாடுகளிலும் சீனி ஆலைகளின் அருகே வடிசாலைகள் எழுந்தன. பாகை நீர்விட்டுக் கரைத்து, நொதிக்கவிட்டு, வடித்தெடுத்தால் மதுசாரம் கிடைக்கும். கந்தளாய் ஆலையை அடுத்தும் அத்தகைய வடிசாலை ஒன்று இருந்தது.

மேற்கிந்தியத் தீவுகளிலே கழிவுப்பாகிலிருந்து வடிக்கும் மதுவுக்கு ‘றம்’ என்று பெயர். அப்பெயரைச் சொல்லியே அவர்கள் அதை விற்கிறார்கள். நம் நாட்டிலோ கழிவுப்பாகின் மதுசாரத்துக்குப் புகழ் பெற்ற தனிப்பெயர் எதுவும் வாய்க்கவில்லை. மணமும் நிறமும் அற்றுப்போகும்படி அதைத் துப்புரவாக்கி, தென்னஞ் சாராயத்துடன் கலப்பார்கள். ‘சாராயம்’ என்னும் பொதுப்பெயருக்குள் அது மறைந்துபோகும். வாங்குகிறவன் தென்னையின் பெயரைக் கேட்டு வாங்குகிறான். போத்தலில் தென்னை எவ்வளவு, கரும்பு எவ்வளவு என்று அவன் எண்ணிப் பார்ப்பதில்லை.

“குடிக்கின்ற பொருளில் எது கலந்தால் என்ன? எல்லாம் கேடுதானே?” என்று வாசகர் கேட்கக்கூடும். குடி குடும்பத்துக்குக் கேடு என்பதில் எமக்கு எள்ளளவும் ஐயமில்லை. ஆயினும் ஒரு பொருளின் பெயருக்குப் பின்னால் நிலம் இருக்கிறது; அதில் உழைப்பவன் இருக்கிறான்; அவன் பிள்ளைகளின் சோறு இருக்கிறது. பெயரைக் காப்பாற்றத் தெரிந்த நாடு அவர்களையும் காப்பாற்றுகிறது. இதை விளக்குவதற்கு ஹங்கேரியைக் காட்டிலும் சிறந்த உதாரணம் கிடைப்பது அரிது.

ஹங்கேரிக்குச் செல்லக் கந்தளாயிலிருந்தே ஒரு வழி உண்டு. நம் சீனி ஆலைக்கு உதவிய செக்கோசிலோவாக்கியாவின் தென்கிழக்கு எல்லையில், ஹங்கேரியைத் தொட்டுக்கொண்டு, ஒரு சிறு திராட்சை நிலம் இருந்தது. முதலாம் உலகப் போரின் பின் 1920 ஆம் ஆண்டு உடன்படிக்கையினால் ஹங்கேரியின் எல்லைகள் சுருங்கியபோது, டொக்காய் என்னும் புகழ்பெற்ற திராட்சைச் சாரலின் ஒரு துண்டு செக்கோசிலோவாக்கியாவுக்குப் போயிற்று. இன்று அது சிலோவாக்கியாவில் உள்ளது. அந்தத் துண்டு நிலத்தில் விளையும் மதுவுக்கும் டொக்காய் என்று பெயர் சூட்டலாமா என்று இரு தரப்பினரும் பல்லாண்டு காலம் வாதாடினர். ஒரு பெயருக்காக நாடுகள் வாதாடுமளவுக்கு அப்பெயரில் என்னதான் இருக்கிறது?

மூடுபனியும் பூஞ்சணமும்

ஹங்கேரியின் வடகிழக்கிலே தீசா, போத்ரொக் என்னும் இரு ஆறுகள் கூடுமிடத்தில் டொக்காய் என்னும் சிற்றூர் இருக்கிறது. அதைச் சூழ்ந்துள்ள மலைச்சாரல்கள் பழைய எரிமலைகளின் எச்சங்கள். இலையுதிர்காலத்தில் ஆறுகளிலிருந்து எழும் மூடுபனி காலை வேளைகளில் திராட்சைத் தோட்டங்களைப் போர்த்துவிடும். பகலில் வெயில் வந்து பனியை விரட்டும். இந்த ஈரமும் வெப்பமும் மாறி மாறி வருவதால் பழங்களின்மீது ஒருவகைப் பூஞ்சணம் படர்கிறது.

நம் வீட்டில் பூஞ்சணம் பிடித்த தோடம்பழத்தைத் தூர வீசிவிடுவோம். டொக்காய் விவசாயியோ அந்தப் பூஞ்சணத்துக்காகவே காத்திருக்கிறான். அது பழத்தோலில் நுண்ணிய துளைகளை உண்டாக்க, பழத்தின் நீர் ஆவியாகிப் போய், இனிப்பும் மணமும் செறிந்து, கனி கொடியிலேயே வற்றிச் சுருங்குகிறது. இவ்வாறு வற்றிய கனிக்கு ‘ஆசூ’ என்று பெயர். குலை முழுவதும் ஒரே நாளில் வற்றுவதில்லை. ஆகவே பறிப்போர் ஒரே கொடியினிடம் பலமுறை வந்து, வற்றிய கனிகளை மாத்திரம் ஒவ்வொன்றாகத் தேர்ந்து கொய்கின்றனர். பூ மாலைக்கு மலர் தேரும் நம் பெண்களின் பொறுமையை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

கொய்த கனிகளை முதுகில் சுமக்கும் கூடைக்குப் ‘புட்டோன்’ என்று பெயர். அது ஏறக்குறைய 25 கிலோகிராம் கொள்ளும். அயலிலுள்ள கொன்ட்ஸ் என்னும் ஊரின் பெயரால் வழங்கும் பீப்பாய் 136 லீற்றர் கொள்ளும். அத்தகைய ஒரு பீப்பாய் மதுவில் எத்தனை புட்டோன் ஆசூக் கனிகள் ஊறினவோ, அத்தனை புட்டோன் என்று போத்தலின்மீது குறிப்பது பழைய வழக்கம். எண் கூடக் கூட இனிப்பும் விலையும் கூடும். கூலிக்காரன் சுமந்த கூடைகளின் கணக்கே மதுவின் தர முத்திரையாயிற்று என்பது எத்துணை அழகான செய்தி! 2013 ஆம் ஆண்டின் புதிய விதிகளின்படி, ஆசூ என்ற பெயர் தாங்கும் மதுவில் லீற்றருக்குக் குறைந்தது 120 கிராம் சீனி எஞ்சியிருத்தல் வேண்டும். அதற்குக் குறைந்தால் அப்பெயருக்கு உரிமையில்லை.

இந்த மது பிறந்த வரலாறு பற்றி ஒரு கதை உண்டு. பதினேழாம் நூற்றாண்டில் துருக்கியப் படை வரக்கூடும் என்ற அச்சத்தால் ஒரு மதபோதகர் அறுவடையைத் தள்ளிப்போட்டாராம். அதற்குள் கனிகள் வற்றிவிட, வீணாக்க மனமின்றி அவற்றிலிருந்தே மது செய்தாராம். கதை இனியதே, எனினும் 1571 ஆம் ஆண்டுப் பத்திரம் ஒன்றிலேயே ஆசூ மதுவைப் பற்றிய குறிப்பு இருப்பதால், அதன் தொடக்கம் அந்தப் போதகருக்கும் முந்தியது என்பது தெளிவு.

1737 ஆம் ஆண்டில் ஓர் அரச கட்டளை பிறந்தது. எந்தெந்த ஊர்களின் நிலங்களில் விளைவது டொக்காய் மது என்பதை அது வரையறுத்தது. உலகில் ஒரு மதுவின் நிலத்துக்குச் சட்டம் எல்லைக்கல் நாட்டிய மிகப் பழைய உதாரணங்களில் அது ஒன்று. ஹங்கேரியரின் தேசிய கீதமாக விளங்கும் 1823 ஆம் ஆண்டுக் கவிதையிலும் டொக்காயின் திராட்சை இடம் பெற்றிருக்கிறது. 2002 ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் இப்பிரதேசத்தை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. இத்தாலியிலும் பிரான்சிலும் வேறு திராட்சைகளிலிருந்து செய்த மதுக்களுக்கு இதையொத்த பெயர்கள் நெடுங்காலம் வழங்கி வந்தன. ஹங்கேரியின் விடாமுயற்சியால் 2007 ஆம் ஆண்டுடன் அவர்களும் அப்பெயர்களைக் கைவிட நேர்ந்தது.

பெயர் நின்றது, பொருள் மறைந்தது

ஹங்கேரியின் கதை முழுவதும் வெற்றிக் கதை என்று எண்ணிவிடலாகாது. பெயர் மாத்திரம் நிலைத்து, அதன் பொருள் தேய்ந்த காலமும் அங்கே உண்டு.

எகர் என்னும் நகரின் செந்நிற மதுவுக்குக் ‘காளையின் குருதி’ என்று பொருள்படும் பெயர் வழங்குகிறது. 1552 ஆம் ஆண்டில் துருக்கியரின் பெரும்படை எகர்க் கோட்டையை முற்றுகையிட்டது. இஸ்த்வான் டோபோ என்னும் தளபதியின் தலைமையில் சுமார் 2,000 பேர் எதிர்த்து நின்றனர். பெண்களும் மதில்மேல் ஏறிப் போரிட்டனர். வீரர்களின் தாடியில் வழிந்த செம்மதுவைக் கண்ட எதிரிகள், ‘இவர்கள் காளையின் குருதியைக் குடித்துப் பலம் பெறுகிறார்கள்’ என்று அஞ்சி ஓடினர் என்பது கதை. கோட்டை காக்கப்பட்டது வரலாறு. குருதி பிற்காலத்துக் கற்பனை. இரண்டும் சேர்ந்து அந்த மதுவுக்கு உலகப் புகழ் தந்தன. இரண்டாம் உலகப் போரின் பின் தோட்டங்களும் நிலவறைகளும் அரசுடைமையானபோது, தரத்தைவிட அளவே பெரிதாயிற்று. பெயரோ பழைய பெயர். உள்ளேயிருந்த மதுவோ வெளிறிப்போயிற்று. 1990 ஆம் ஆண்டின் பின் சிறு தோட்டக்காரர் மீண்டும் தலையெடுத்துப் பழைய தரத்தை மீட்கப் பாடுபட வேண்டியதாயிற்று.

யூனிக்கம் என்னும் மூலிகை மதுவின் கதை இன்னும் வியப்பானது. புடாபெஸ்டில் அதைத் தயாரித்து வந்த சுவாக் குடும்பத்தின் தொழிற்சாலை 1948 ஆம் ஆண்டில் அரசுடைமையாயிற்று. குடும்பத்தில் ஒருவர் உண்மையான செய்முறைக் குறிப்புடன் நாட்டைவிட்டு வெளியேறினார். உள்நாட்டில் தங்கியவர் அரசினரிடம் போலிக் குறிப்பைக் கொடுத்தார். நாற்பது ஆண்டுகளாக அந்நாட்டவர் பழைய பெயரிலே வேறொரு பானத்தைக் குடித்து வந்தனர்! 1990 ஆம் ஆண்டளவில் குடும்பத்தினர் தாயகம் திரும்பித் தொழிற்சாலையை மீண்டும் வாங்கிய பிறகே பெயரும் பொருளும் ஒன்று சேர்ந்தன.

ஊருக்கொரு கொதிகலம்

செல்வர் வீட்டு மேசைக்கு டொக்காய் என்றால், குடியானவன் வீட்டுக்குப் ‘பாலிங்கா’. பிளம், அப்ரிகொட், பேரி, செரி முதலிய பழங்களை நொதிக்கவிட்டு வடித்த சாராயம் இது. தோட்டத்தில் உதிர்ந்த பழங்களைக் குடியானவன் பீப்பாயில் சேர்த்து நொதிக்க வைப்பான். நொதித்த பின் ஊர் வடிசாலைக்குக் கொண்டுசென்று, கூலி கொடுத்து வடித்துக்கொள்வான். நம் ஊரிலே நெல்லை ஆலைக்குக் கொண்டுபோய்க் குற்றிக்கொண்டு வருவதைப் போன்ற ஏற்பாடு அது.

மரபு வழியில் இதை இருமுறை வடிப்பர். இரண்டாம் முறை வடிக்கும்போது முதலில் வரும் ‘தலை’யை நீக்கிவிடுவர், கடைசியில் வரும் ‘வாலை’யும் நீக்கிவிடுவர், நடுவில் வரும் ‘இதயம்’ மாத்திரமே பாலிங்கா. தலையிலே கடுமையான, கெடுதியான ஆவிப்பொருள்கள் செறிந்திருக்கும். பேராசையால் அதையும் சேர்ப்பவன் தன் அயலவனுக்கே தீங்கு செய்கிறான். மறைவில் காய்ச்சும் கசிப்பில் இத்தகைய காவல் எதுவுமில்லை. தொழிற்சாலைகளில் பயன்படும் மெதனோல் போன்ற நஞ்சுகள் கலந்த கள்ளச் சாராயத்தினால் கண்ணொளி இழந்தோரும் உயிரிழந்தோரும் பல நாடுகளில் உண்டு.

ஒரு காலத்தில் செயற்கை மணமூட்டிய மலிவான மதுசாரத்தையும் ஹங்கேரியில் பாலிங்கா என்றே விற்றனர். அதற்கு முற்றுப்புள்ளி வைக்க 2008 ஆம் ஆண்டில் பாலிங்காவுக்கென்றே தனிச்சட்டம் இயற்றினார்கள். பழத்திலிருந்து மாத்திரமே வடித்ததாக இருத்தல் வேண்டும். சீனியும் செயற்கை மணமும் சேர்த்தலாகாது. மதுசார அளவு நூற்றுக்கு 37.5 பங்குக்குக் குறையலாகாது. பழத்தை நொதிக்க வைப்பதிலிருந்து போத்தலில் அடைப்பது வரை யாவும் ஹங்கேரியிலேயே நிகழ வேண்டும். அயல்நாடான ஆஸ்திரியாவின் நான்கு மாகாணங்களுக்கு மட்டும், அப்ரிகொட் சாராயத்துக்கு அப்பெயரை வழங்க ஐரோப்பிய விதிகள் இடமளித்தன.

திருகோணமலை மரம்

இனி நம் ஊருக்குத் திரும்புவோம். நம்மிடம் இத்தகைய மரபு இல்லையா? உண்டு, அது எவ்விதத்திலும் தாழ்ந்ததன்று.

களுத்துறைப் பக்கத்துக் கரையோரத் தென்னந்தோப்புகளில், ஒரு மரத்திலிருந்து மறு மரத்துக்குக் கட்டிய கயிற்றின்மேல் நடந்து பாளை சீவும் தொழிலாளரைக் கண்டோர் வியக்காமல் இருக்க முடியாது. யாழ்ப்பாணத்துச் சீவல் தொழிலாளி தளநார் பூட்டி, இடையிலே பாளைக்கத்தி தொங்க, நாள்தோறும் பனைகளில் ஏறி இறங்குகிறான். முட்டியில் சுண்ணாம்பு தடவியிருந்தால் அவன் இறக்குவது கருப்பநீர். தடவாவிட்டால் அதுவே சில மணி நேரத்தில் கள்ளாகிவிடும். சீனியும் வேண்டாம், வேறு எதுவும் சேர்க்க வேண்டாம். காற்றிலும் பாளையிலும் உள்ள நுண்ணுயிர்களே நொதிக்கச் செய்துவிடும். இக்கள்ளை வடித்தால் சாராயம்.

சிறந்த தென்னஞ் சாராயத்தை மரப்பீப்பாய்களில் நெடுநாள் வைத்துப் பதப்படுத்துவர். அப்பீப்பாய்களுக்கு நம் நாட்டில் உகந்த மரமாகக் கொண்டது ‘ஹல்மில்ல’ என்று சிங்களவர் கூறும் மரம். தமிழில் சவண்டலை என்பர். பிறநாட்டு மர வணிகர் அதற்கு இட்ட பெயர் என்ன தெரியுமா? ‘திருகோணமலை மரம்’! டொக்காய் மதுவின் பீப்பாய்க்குக் கொன்ட்ஸ் தன் பெயரை ஈந்தது போல, இலங்கைச் சாராயத்தின் பீப்பாய் மரத்துக்குத் திருகோணமலை தன் பெயரை ஈந்திருக்கிறது. கொன்ட்ஸின் பெயரை அங்கே பாடப் புத்தகம் போல ஒப்புவிக்கிறார்கள். இந்த மரத்தின் பெயரோ திருகோணமலையிலேயே பலர் அறியாதது.

சீவல் தொழிலாளியின் நிலை என்ன? தவறணைக்குக் கள்ளைக் கொடுத்து, கிடைத்ததை வாங்கிச் செல்பவனாகவே அவன் நெடுங்காலம் இருந்தான். உயிரைப் பணயம் வைத்து ஏறும் தொழிலுக்குச் சமூகம் மதிப்பும் தரவில்லை. 1972 ஆம் ஆண்டில் பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றியபோது, தொழிலாளர் தம் விளைபொருளைத் தாமே விற்கும் வழி ஓரளவு திறந்தது. 1978 ஆம் ஆண்டில் பனை அபிவிருத்திச் சபை அமைந்தது. வடமராட்சியில் திக்கம் என்னும் ஊரில் எழுந்த வடிசாலை, பனையின் பெயரைத் தாங்கிய மதுவைத் தந்தது. எனினும் மலிவான கழிவுப்பாகு மதுசாரத்தோடு போட்டியிடுவது மரமேறுபவனுக்கு எளிதன்று. ஒரே பெயரில் இரண்டும் விற்கும்போது, விலை குறைந்ததே வெல்லும். மரத்தின்மேல் இருப்பவன் தோற்பான்.

பெயர் என்னும் வாக்குறுதி

கந்தளாயின் கதை துன்பத்தில் முடிந்தது. 1986 ஆம் ஆண்டு ஏப்ரல் 20 ஆம் நாள் அதிகாலையில் குளக்கட்டு உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். போரின் நெருக்கடியும் நட்டமும் சூழ, 1990களின் முற்பகுதியில் சீனி ஆலையும் மூடப்பட்டது. அதை மீண்டும் திறப்பது பற்றி ஆட்சிகள் மாறி மாறிப் பேசின. கரும்பு விளைந்த வயலும், ஆலைச் சங்கு ஊதிய காலமும் முதியோரின் பேச்சில் வாழ்கின்றன. அந்த வடிசாலையில் பிறந்த மதுசாரத்துக்கோ நினைவுகூர ஒரு பெயர்கூட இல்லை.

டொக்காயும் போரால், நோயால், ஆட்சி மாற்றத்தால் பலமுறை வீழ்ந்த ஊரே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கொடியின் வேரைத் தின்னும் பூச்சியொன்று அங்கிருந்த தோட்டங்களை ஏறக்குறைய முழுவதுமாக அழித்தது. ஆயினும் எழுந்து நிற்பதற்கு அவர்களுக்கு ஒரு கைப்பிடி இருந்தது. ‘இந்த நிலம், இந்தக் கனி, இந்த முறை; இவை மூன்றும் சேர்ந்தாலன்றி இப்பெயர் இல்லை’ என்ற வாக்குறுதியே அந்தக் கைப்பிடி. விலைகூறி விற்க வேறொன்றும் இல்லாத நாளிலும் அந்தப் பெயர் அவர்களிடம் எஞ்சியிருந்தது.

நம்மாலும் இது இயலாததன்று. 2022 ஆம் ஆண்டில் இலங்கைக் கறுவாவுக்கு ஐரோப்பிய ஒன்றியம் புவிசார் குறியீட்டுப் பாதுகாப்பு வழங்கியது. இந்நாட்டுப் பொருள் ஒன்று அங்கே அச்சிறப்பைப் பெற்றது அதுவே முதன்முறை. கறுவா உரிப்பவனுக்குக் கிடைத்த அந்தக் காவல், பாளை சீவுபவனுக்கும் கிடைத்தலாகாதா? போத்தலின்மீது தென்னை எவ்வளவு, கரும்பு எவ்வளவு என்று எவரும் படிக்கும்படி அச்சிடுவது பெரிய காரியமா? மதுவுக்கு மாத்திரமா இந்த நியாயம்? பனங்கட்டி என்ற பெயரில் சீனி கலந்த கட்டியும், நல்லெண்ணெய் என்ற பெயரில் வேறெண்ணெயும் நம் அடுக்களைக்குள் நுழையாமல் காப்பதும் இதே நியாயந்தான்.

மாணவர்களுக்கு ஒரு சொல். ஆசூவின் பொன்னிறத்தையும் பாலிங்காவின் மணத்தையும் பற்றிப் படித்தறிவது வேறு, குடித்தறிவது வேறு. எத்துணைச் சிறந்த பெயர் தாங்கிய மதுவும் ஈரலைக் கெடுக்கும், இல்லத்தின் அமைதியைக் கெடுக்கும். அந்தப் பனித்தோட்டத்திலே கனியைத் தேர்ந்து கொய்யும் கைகளின் பொறுமையையும், தன் பெயருக்குப் பொய்யாகாத ஊரின் நேர்மையையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தமுறை பனந்தோப்பின் ஓரமாகச் செல்லும்போது ஒரு கணம் நின்று அண்ணாந்து பாருங்கள். உச்சியிலே ஒருவன் பாளையைத் தட்டிக்கொண்டிருப்பான். அவன் இறக்கும் முட்டியில் இருப்பது இன்னது என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். அது போத்தலாகிக் கடைக்கு வரும்போதும் அதே பெயரோடு, அதே பொருளாக வரவேண்டும் என்று கேட்பது அவன் உழைப்புக்கு நாம் செய்யும் மரியாதை.